பனிப்பாதையில் தடித்த டயர்: ஃபேட் பைக் ஓட்டத் தொடங்குபவர்களுக்கு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபோலிஸ் நகரத்துக்குத் தெற்கே புளூமிங்டன் என்று ஓர் ஊர். அதன் ஓரமாக மினசோட்டா ஆறு ஓடுகிறது. ஆற்றையொட்டிய தாழ்வான காட்டுக்குள் ஒரு மண்பாதை நீண்டு போகும். உள்ளூர்க்காரர்கள் அதை ரிவர் பாட்டம்ஸ் என்பார்கள். ஜனவரியில் மண்ணே தெரியாது. சைக்கிள்களும் கால்களும் மிதித்து மிதித்து இறுக்கிய பனி, இரண்டடி அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடாக மரங்களுக்கிடையே வளைந்து போகும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும்.

என் முதல் ஃபேட் பைக் ஓட்டம் அங்கேதான். மைனஸ் 12 டிகிரி செல்சியஸ். பத்து நிமிடத்துக்குள் நான்கு முறை விழுந்துவிட்டேன். முன்சக்கரம் பனிக்குள் மூக்கை நுழைத்து ஒரு பக்கமாக இழுக்கும், நான் மறுபக்கம் சாய்வேன். கூட வந்த நண்பர் நிறுத்தச் சொன்னார். முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அப்புறம் குனிந்து வால்வைத் திறந்து காற்றை இறக்க ஆரம்பித்தார். டயரின் பக்கச் சுவரில் மெல்லிய சுருக்கம் விழும்வரை விடவே இல்லை. பின் டயருக்கும் அதே வைத்தியம். "இப்போ ஏறு" என்றார். அதே பாதை, அதே பனி, அதே சைக்கிள். இந்த முறை நேராகப் போனது.

பனியில் சைக்கிள் ஓட்டுவது பற்றி யார் கேட்டாலும் நான் இந்த இடத்திலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன். டயரில் காற்று குறைவாக இருக்கவேண்டும், உடம்பில் வியர்வை குறைவாக இருக்கவேண்டும். இந்த இரண்டும் பிடிபட்டால் மற்றதெல்லாம் ஓட்ட ஓட்ட வந்துவிடும்.

ஃபேட் பைக் என்பது என்ன?

பார்வைக்கு மலைப்பாதை சைக்கிள் மாதிரிதான் இருக்கும், டயர் மட்டும் மோட்டார் சைக்கிளுடையதைப் போலத் தடித்திருக்கும். சாதாரண மலைப்பாதை சைக்கிளின் டயர் அகலம் 2.2 அல்லது 2.4 அங்குலம். ஃபேட் பைக்குக்கு 3.7 அங்குலத்தில் தொடங்கி 5 அங்குலம்வரை போகும். அந்த டயர் உட்கார அகலமான ரிம், அந்தச் சக்கரம் நுழைய அகலமான ஃபோர்க், அதற்கேற்ற சட்டம். மற்றபடி கியர், செயின், பிரேக் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான்.

நாமெல்லாம் பஞ்சர் கடையில் வளர்ந்தவர்கள். கடைக்காரர் காற்றடித்துவிட்டு டயரைக் கட்டைவிரலால் அழுத்தி, "கல்லு மாதிரி இருக்கு, எடுத்துட்டுப் போ" என்பார். தார்ச்சாலைக்கு அது சரி. கல் மாதிரி இருக்கும் டயர் பனியில் கத்திபோல் இறங்கும். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ என்ற அளவில் சொல்கிறோம். ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்று பொருள். டயர் தரையை அழுத்துவதும் ஏறத்தாழ அதே அழுத்தத்தில்தான். நீங்களும் உங்கள் குளிர் உடையும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம், பவுண்டில் சுமார் 200. டயரில் 25 பிஎஸ்ஐ காற்று இருந்தால் 200-ஐ 25-ஆல் வகுக்க 8 சதுர அங்குலம். இரண்டு சக்கரத்துக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 4. ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இடம், அவ்வளவுதான். அதில் உங்கள் எடையில் பாதி நிற்கிறது. பனி எப்படித் தாங்கும்?

இப்போது காற்றை 5 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். 200-ஐ 5-ஆல் வகுக்க 40. சக்கரத்துக்கு 20 சதுர அங்குலம். விரல்களைச் சேர்த்து ஒரு கையைத் தரையில் வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. எடை மாறவில்லை, அது பரவும் இடம் ஐந்து மடங்காகிவிட்டது. சைக்கிள் பனிமேல் மிதப்பதன் ரகசியம் முழுக்க இந்த வகுத்தல் கணக்கில் இருக்கிறது.

அப்படியானால் சாதாரண சைக்கிளிலேயே காற்றை இறக்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முடியாது. ஒல்லியான டயரில் 5 பிஎஸ்ஐ வைத்தால் ரிம் தரையில் இடிக்கும், டயர் ரிம்மிலிருந்து கழன்று வரும். தடித்த டயருக்குள் காற்றின் கொள்ளளவு அதிகம் என்பதால்தான் அவ்வளவு குறைந்த அழுத்தத்திலும் அது எடையைத் தாங்குகிறது. டயரின் அகலம் காற்றைக் குறைக்க உங்களுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு. அகலமான டயரை வாங்கிவிட்டு அதில் 20 பிஎஸ்ஐ அடித்து ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தச் சீட்டை வாங்கிப் பையிலேயே வைத்திருக்கிறார்கள்.

குளிர் உங்கள் டயரிலிருந்து திருடும் காற்று

புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. வீட்டுக்குள் 20 டிகிரி வெப்பத்தில் அளந்து, 6 பிஎஸ்ஐ வைத்துவிட்டு வெளியே மைனஸ் 30 டிகிரிக்குப் போகிறீர்கள். டயர் எங்கும் கசியவில்லை. இருந்தாலும் அரைமணியில் அதில் சுமார் இரண்டரை பிஎஸ்ஐதான் இருக்கும்.

காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். அந்த விதி வேலை செய்வது மொத்த அழுத்தத்தின்மேல், அதாவது டயரில் நாம் அடித்த 6-உடன் வெளியே எப்போதும் இருக்கும் வளிமண்டலத்தின் 14.7-ஐயும் சேர்த்த 20.7-இன்மேல். 20 டிகிரியிலிருந்து மைனஸ் 30-க்கு இறங்கும்போது அது சுமார் 17 சதவீதம் குறைந்து 17.2 ஆகிறது. அதில் வளிமண்டலத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் 2.5. சாலை சைக்கிளின் 80 பிஎஸ்ஐ டயரில் 16 பிஎஸ்ஐ குறைந்தால் ஓட்டிவிடலாம். ஃபேட் பைக்கில் மூன்றரை குறைந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது.

அதனால் காற்றை வெளியில் வைத்துத்தான் சரிபார்க்கவேண்டும், சைக்கிள் குளிர்ந்து முடித்தபிறகு. வீட்டில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடுதலாகவே அடித்துக்கொண்டு போங்கள். பாதையில் காற்றை இறக்குவது எளிது, உறைந்த விரல்களோடு பம்ப் அடிப்பது கொடுமை. சாதாரண அளவுமானியில் 5-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. 15 பிஎஸ்ஐ வரை மட்டுமே காட்டும் சிறிய மானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

மானி இல்லையா? சைக்கிள்மேல் உட்கார்ந்து டயரின் பக்கத்தைப் பாருங்கள், மெல்லிய சுருக்கம் தெரியவேண்டும். பிறகு இருபதடி ஓட்டி இறங்கி உங்கள் தடத்தைத் திரும்பிப் பாருங்கள். நடுவில் ஆழமாக வெட்டியிருந்தால் காற்று அதிகம். டயரின் ஓரப் பற்கள்வரை பட்டையாக அச்சு விழுந்திருந்தால் சரி. வளைவில் சைக்கிள் சேற்றில் நெளிவதுபோல் நெளிந்தால் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள் என்று பொருள். இறுகிய பாதைக்கு 7, 8 போதும். புதிதாக விழுந்த பனிக்கு 4, 5. அதற்கும் கீழே போகிறவர்களும் உண்டு. உங்கள் எடையையும் டயரையும் பொறுத்து இந்த எண்கள் மாறும் என்பதால் தடத்தைப் படிக்கப் பழகுவதே மேல்.

எங்கிருந்து வந்தது இந்தச் சைக்கிள்?

அலாஸ்காவில் நாய்வண்டிகள் ஓடும் இடிடராட் பனிப்பாதையில் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று 1980-களில் சிலருக்கு ஆசை வந்தது. 1987-இல் அந்தப் பாதையில் இடிடாபைக் என்ற 200 மைல் போட்டி தொடங்கியது. அப்போது இருந்த ஒல்லி டயரில் அவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த தூரம் நிறைய. இரண்டு ரிம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெல்டிங் செய்து அகலமான ஒரே ரிம் ஆக்கிப் பார்த்தார்கள். ஃபேர்பேங்க்ஸ் நகரத்தின் சைமன் ரேக்கோவர் 44 மில்லிமீட்டர் அகலத்தில் ஸ்னோகேட் என்ற ரிம்மைச் செய்தார். இன்னொரு பக்கம் நியூ மெக்ஸிகோவில் ரே மொலினா பாலைவன மணலில் ஓட்டுவதற்காக அதைவிட அகலமான ரிம்மும் டயரும் செய்துகொண்டிருந்தார். மணலுக்கான யோசனையும் பனிக்கான யோசனையும் சந்தித்துக்கொண்டதில் பிறந்ததுதான் ஃபேட் பைக்.

கடையில் போய்க் கேட்டு வாங்கும் நிலை வந்தது 2005-இல். சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற மாடலை 3.7 அங்குல டயரோடு கொண்டுவந்தது. சர்லி இருப்பது நான் விழுந்த அதே புளூமிங்டனில். அலாஸ்காவில் கைவேலையாகத் தொடங்கியதை ஊரெல்லாம் ஓட்டும்படி செய்தது மினசோட்டா என்பதில் இங்குள்ளவர்களுக்குப் பெருமை உண்டு. எனக்கும்தான்.

இதே மாநிலத்தின் வடக்கு எல்லையில், கனடாவை ஒட்டி, இண்டர்நேஷனல் ஃபால்ஸ் என்ற ஊரிலிருந்து டவர் என்ற ஊர்ப்பக்கம்வரை ஜனவரிக் கடைசியில் ஆரோஹெட் 135 என்ற போட்டி நடக்கும். 135 மைல், அதாவது 217 கிலோமீட்டர், 60 மணி நேர அவகாசம். சைக்கிளிலும் போகலாம், பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீயிலும் போகலாம், நடந்தும் போகலாம். முடியும் இடமான டவர் அருகில்தான் 1996 பிப்ரவரி 2-ஆம் தேதி மினசோட்டாவின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை பதிவானது: மைனஸ் 51 டிகிரி. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீஸர் மைனஸ் 18-இல் இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பனியும் ஒரே பனியில்லை

நம் மொழியில் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதும் பனி, ஊட்டியில் புல்வெளியை வெளுக்கவைப்பதும் பனி, இமயத்தில் மலையாகக் குவிவதும் பனி. சைக்கிளுக்கு அப்படி ஒரே சொல் போதாது. ஒரே பாதை சனிக்கிழமை சிமெண்டுத் தரை, ஞாயிற்றுக்கிழமை ஆற்றுமணல்.

புதிதாக விழுந்த பனியின் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தளர்ந்து கிடக்கும். அதை அழுத்திவிட்டு ஓரிரவு குளிரில் அப்படியே விட்டால் படிகங்கள் தொட்ட இடங்களில் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடும். சர்க்கரை டப்பாவில் ஈரம் பட்டால் கட்டியாகுமே, பார்க்க அப்படித்தான் இருக்கும். பனிப்பாதைகளை உருளை போட்டு அழுத்திப் பராமரிப்பவர்கள் மாலையில் வேலை செய்துவிட்டு, காலைவரை யாரும் ஏறாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். அந்த ஓர் இரவுக்கு மரியாதை கொடுத்தால் மறுநாள் காலை கிடைக்கும் பாதைக்கு ஈடு இல்லை. மைனஸ் 8, மைனஸ் 12 டிகிரியில், அழுத்தி இறுகிய பாதையில், டயர் கீச்சென்று மெல்லிய சத்தத்தோடு உருளும். வேறெதுவும் கேட்காது.

மைனஸ் 25-க்குக் கீழே பனி காய்ந்த மணல் மாதிரி ஆகிவிடும். பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் உருளாது. சமதரையில் மேட்டில் ஏறுவதுபோல் மிதிக்கவேண்டும். உங்கள் சைக்கிளில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

அதற்கு நேர் எதிர், பூஜ்யத்தை நெருங்கும் மதியம். பனி இளகிவிடும், டயர் பள்ளம் பறித்துக்கொண்டே போகும். அந்தப் பள்ளம் இரவில் உறைந்தால் வாரம் முழுக்க யாரும் அந்தப் பாதையில் ஓட்ட முடியாது. இதற்கு ஒரு விதி உண்டு, பனிப்பாதைக்காரர்கள் எல்லோரும் மதிப்பது: உங்கள் டயர் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழமாகத் தடம் பதித்தால், அல்லது நேராக ஓட்ட முடியாமல் தடுமாறினால், இறங்கித் திரும்பிப் போய்விடுங்கள். பல இடங்களில் 3.7 அல்லது 3.8 அங்குலத்துக்குக் குறைந்த டயரையும், 10 பிஎஸ்ஐக்கு மேல் காற்றையும் அனுமதிப்பதில்லை. மினியாபோலிஸின் தியோடர் வர்த் பூங்கா போன்ற இடங்களில் ஒற்றையடிப் பாதைகளைக் குளிர்காலம் முழுக்க அழுத்திச் சீராக்கித் தருகிறார்கள். இந்தப் பக்கத்துப் பாதைகள் பலவற்றில் இந்த வேலையைச் செய்வது தன்னார்வலர்கள், அலுவலகம் முடிந்து இருட்டில் வந்து செய்கிறார்கள். ஸ்கீ ஓட்டுபவர்களுக்காக வெட்டிய இரட்டைத் தடத்தில் டயரை வைக்கவே கூடாது. எதிரே ஸ்கீயில் யாராவது வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், அவர்களால் உங்களைப்போல் சட்டென்று நிற்க முடியாது.

பனி வேறு, பனிக்கட்டி வேறு. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணாடி மாதிரி வழுவழுப்பான பனிக்கட்டியில் தடித்த டயரால் ஒரு பயனும் இல்லை, ஐந்து அங்குலமும் வழுக்கும். உலோக முள் பதித்த டயர் மட்டும்தான் அங்கே பிடிக்கும். உறைந்த ஏரிமேல் போவது இங்கே சாதாரணம்தான் என்றாலும், புதிய தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலமாவது இருந்தால்தான் ஆள் நடக்கலாம் என்று மினசோட்டா இயற்கை வளத் துறை சொல்கிறது. நூறு சதவீதம் பாதுகாப்பான பனிக்கட்டி என்று ஒன்று கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஆற்றில் அடியில் நீரோட்டம் இருப்பதால் ஓரிடம் தடித்தும் பக்கத்திடம் மெலிந்தும் உறையும். முதல் வருடம் ஆற்றுப் பனிக்கட்டிமேல் ஏறவே வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

வியர்வைதான் எதிரி

கடுங்குளிரில் ஓட்டப்போகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் தவறு, இருக்கிற உடையையெல்லாம் போட்டுக்கொள்வது. நானும் செய்திருக்கிறேன். பனியில் மிதிப்பது கடுமையான உழைப்பு. கால்மணியில் உள்ளே அடுப்பு மூட்டியதுபோல் ஆகிவிடும், வியர்வை முதுகில் வழியும். ஓட்டிக்கொண்டிருக்கும்வரை தெரியாது. செயினைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் நின்றீர்கள் என்றால் தெரியும். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கடத்தும். காப்பாற்ற வேண்டிய உடையே ஈரத்துணியாகி உங்களைக் குளிரவைக்கும்.

அதனால் கிளம்பும்போது லேசாக நடுங்க வேண்டும். முதல் பத்து நிமிடம் "இன்னொன்று போட்டிருக்கலாமே" என்று தோன்றினால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள். மேட்டுக்கு முன்னால் ஜிப்பை இறக்குங்கள், தொப்பியைக் கழற்றுங்கள். வியர்த்தபின் கழற்றிப் பயனில்லை. நின்றால் உடனே, குளிர் தெரிவதற்கு முன்பே, பையிலிருக்கும் தடித்த ஜாக்கெட்டை மேலே போட்டுக்கொள்ளுங்கள். பையில் அந்த ஒரு ஜாக்கெட் இல்லாமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை.

பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று சொல்லி வளர்த்தார்கள் நம்மை. நம் ஊர் வெயிலுக்கு அது பொன்னான வார்த்தை. பருத்தி வியர்வையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால் குளிர்ச்சி தருகிறது. அதே குணம் இங்கே ஆளைக் கொல்லும். உள்ளாடைவரை பருத்தி வேண்டாம். உடம்போடு ஒட்டியதாக மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர், அதன்மேல் லேசான ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலாடை. பெரும்பாலான நாட்களுக்கு இந்த மூன்றே போதும்.

சைக்கிளில் போகும்போது காற்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மைனஸ் 25 டிகிரியில் 15 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் பட்டால் தோலுக்கு அது மைனஸ் 35 மாதிரி. அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. மூக்கு, காது, கன்னம் மூன்றையும் மூடுங்கள். மூச்சின் ஈரம் முகமூடியில் உறைந்து பலகையாகிவிடும், அதனால் மாற்று ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். கண்ணாடி போடுகிறவர்கள் மூச்சைக் கீழ்நோக்கி விடப் பழக வேண்டும்.

கைக்கு நான் கண்ட ஒரே பதில் ஹேண்டில்பாரிலேயே மாட்டிவைக்கும் பெரிய உறை. போகீஸ் என்பார்கள். தலையணை உறை மாதிரி இருக்கும். பிரேக்கும் கியரும் அதற்குள்ளேயே இருக்கும், கையை உள்ளே விட்டுக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே மெல்லிய கையுறை போதும், மைனஸ் 20-இல்கூட விரல் சூடாக இருக்கும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு ஜிப்பைத் திறக்க முடியாமல் திண்டாடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கால் கடினம். விரல்கள் உள்ளே அசைய இடமிருக்கும் பெரிய பூட்ஸ் வேண்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டால் இரத்த ஓட்டம் நின்று இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். அலுமினியப் பெடல் காலின் சூட்டை உறிஞ்சும், பிளாஸ்டிக் பெடல் உறிஞ்சாது. விரல் மரத்தால் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு நிமிடம் ஓடுங்கள். திரும்ப உணர்வு வரும்போது குத்தும். அது நல்ல அறிகுறி.

தோல் வெளிறி மெழுகு மாதிரி ஆகி உணர்வு போய்விட்டால் அது பனிக்கடியின் தொடக்கம். தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். வெறும் உள்ளங்கையைக் கன்னத்தில் வையுங்கள், விரல்களை அக்குளில் வையுங்கள். தோல் கட்டைபோல் கெட்டியாகிவிட்டால் விஷயம் பெரியது. திரும்ப உறைய வாய்ப்புள்ள இடத்தில் அதை இளகவைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூட வருபவரின் பேச்சு குழறினால், ஜிப்பைப் போடத் தடுமாறினால், உடல்சூடு இறங்குகிறது என்று பொருள். "ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

சைக்கிளுக்கும் குளிரும்

ஒரு மைனஸ் 27 டிகிரிக் காலை. காரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே போயிருப்பேன். மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரத்திலிருந்து வரும் டிக் டிக் சத்தம் அன்று கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மேட்டில் மிதித்தால் பெடல் சும்மா சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் சின்னச் சின்னக் கொக்கிகள் உண்டு. மிதிக்கும்போது அவை பற்களில் மாட்டிச் சக்கரத்தை இழுக்கும். கோடையில் நான் உள்ளே பூசியிருந்த தடித்த கிரீஸ் குளிரில் மெழுகாகி அந்தக் கொக்கிகளை எழும்பவிடாமல் பிடித்துக்கொண்டது. வெறும் கையால் ஹப்பை மூடிக்கொண்டு பார்த்தேன், பலனில்லை. ஐந்து கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே நடந்தேன். பின்னாலுள்ள பெரிய பற்சக்கரத்தைச் சக்கரக் கம்பிகளோடு பிளாஸ்டிக் கேபிள் டையால் கட்டிவிட்டால், மிதிப்பதை நிறுத்தாமல் வீடு வந்துவிடலாம் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது நான்கு டைகள் எப்போதும் பையில் இருக்கும். கிரீஸும் குளிருக்கென்று விற்கும் மெல்லிய ரகம்தான். அந்த டிக் டிக் சத்தம் நின்றால் உடனே திரும்பிவிடுவேன்.

ஹைட்ராலிக் பிரேக்கில் கனிம எண்ணெய் இருந்தால் கடுங்குளிரில் கெட்டிப்பட்டு மந்தமாகும். டாட் என்ற இன்னொரு வகை பிரேக் திரவம் பரவாயில்லை. கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக் தொந்தரவே தராது. சஸ்பென்ஷன் ஃபோர்க் குளிரில் விறைத்துவிடும், தேவையுமில்லை; டயரே மெத்தை. போனை உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள், வெளிப்பையில் வைத்தால் பாதிச் சார்ஜில் அணைந்துவிடும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும், அதனால் மூடிப்பக்கம் கடைசிவரை திறந்திருக்கும். வெந்நீர் ஊற்றி, காற்றுப்புகாத ஃபிளாஸ்க்கில் கொண்டுபோவது இன்னும் உத்தமம். சாப்பிட, சாக்லேட் பார் வேண்டாம், கல்லாகிப் பல்லை உடைக்கும். வறுத்த நிலக்கடலை எந்தக் குளிரிலும் வறுத்த நிலக்கடலையாகவே இருக்கிறது. இந்தப் பக்கத்து நண்பர்களுக்கும் அதைப் பழக்கிவிட்டேன்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. கையிலிருக்கும் பணத்தில் கார்பன் சட்டமா, நல்ல பூட்ஸும் போகீஸுமா என்று வந்தால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். முதல் சில ஓட்டங்களுக்குச் சைக்கிளை வாடகைக்கே எடுக்கலாம்.

முதல் ஓட்டம்

மைனஸ் 5-க்கும் மைனஸ் 12-க்கும் இடைப்பட்ட, காற்றில்லாத ஒரு காலையைத் தேர்ந்தெடுங்கள். அழுத்திச் சீராக்கிய பாதையாகவும், காரைவிட்டு அரைமணி நடைக்கு மேல் விலகாத சுற்றாகவும் இருக்கட்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

சீட்டில் உட்கார்ந்தே மிதியுங்கள். எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் எடை குறைந்து வழுக்கும். லேசான கியரில், தயிர் கடைவதுபோல் அவசரமில்லாமல், சீராகச் சுற்றுங்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முன்சக்கரம் கொஞ்சம் அலையும், அலைய விடுங்கள், தானே திரும்பி வரும். பார்வை டயரில் இல்லாமல் இருபதடி முன்னால் இருக்கட்டும். பிரேக்கைத் திடீரென்று பிடிக்காதீர்கள். விழுவீர்கள், பனி மெத்தென்று வாங்கிக்கொள்ளும். மூன்று முறை ஒரே மாதிரி விழுந்தால் இறங்கி, இரண்டு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு மறுபடி ஏறுங்கள்.

வீடு திரும்பியதும் சைக்கிளைச் சூடான அறைக்குள் கொண்டுவராதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படிந்து, கியர் கம்பிகளின் உறைக்குள் இறங்கி, அடுத்த முறை வெளியே போனதும் அங்கேயே உறைந்துவிடும். பனியைத் தட்டிவிட்டு, சூடேற்றாத கராஜிலேயே நிறுத்துங்கள். இரண்டு நாள் கழித்து எட்டிப் பார்த்தால் டயர்கள் தளர்ந்து, பக்கச் சுவரில் சுருக்கத்தோடு, காற்றுப்போன மாதிரி தெரியும். கை பம்பைத் தேடும். விட்டுவிடுங்கள், அடுத்த சனிக்கிழமைப் பனிக்கு அது அப்படியே சரி.